ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை

இந்த வருஷம் எனக்கு ஐம்பது வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னால் டீச்சர் போன் செய்தார்.

"ஏட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டைக்கு வந்திரு. ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் எனக்கு வேலை இல்ல. சின்னவளும் தூத்துக்குடியில இருந்து வாரா. கேக் சொல்லியாச்சு."

"எங்க வரணும் டீச்சர்?"

"வேற எங்க? அங்கனதான்" என்றார்.

அங்கன என்றால் ஆஸ்பத்திரி. டீச்சருடைய கணவருக்கு ஒன்பது வருஷமாகத் திங்களும் வியாழனும் சாயங்காலம் டயாலிசிஸ். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்பும் மெஷினோடு அவர் நாலு மணி நேரம் படுத்திருப்பார். டீச்சர் வீட்டைவிட்டு நிம்மதியாக வெளியே நிற்பது அந்த நாலு மணி நேரம் மட்டும்தான். என் கணவரும் அதே அறையில், அதே நேரத்தில் நாலு வருஷம் படுத்திருந்தவர். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. பஸ் அந்த ரோட்டில் திரும்பினால் எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

நான் கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காய்ந்த அப்பளத்தைப் பாக்கெட் போடும் பெண்களை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. கணவர் சரக்கு வேன் ஓட்டினார். தூத்துக்குடி ரோட்டில் எங்கே டீ நன்றாக இருக்கும், நாகர்கோவில் ரோட்டில் எங்கே வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும்போது அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ரோட்டிலேயே இருக்கிற ஆளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன.

உப்பு கூடாது என்றார்கள். அப்பளக் கம்பெனிக்காரி வீட்டில் அப்பளம் பொரிப்பது அன்றோடு நின்றது. தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். எங்கள் தெருவைத் தாண்டினால் ஆறு. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மனுஷனுக்குக் குடிக்கிற தண்ணீரை அளந்து ஊற்றினேன்.

திங்களும் வியாழனும் மத்தியானமே வேலையை முடித்துவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போவோம். நோயாளியோடு வந்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே ஹாலில் இரும்பு நாற்காலிகள் உண்டு. சத்தம் வராத டிவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மாதம் நான் அந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எனக்கு எதிரே ஓர் அம்மா தினமும் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஜன்னல் பக்கம் ஒரு சின்னப் பெண், இருபத்து மூன்று வயது இருக்கும். பின்னாளில் நாங்கள் சின்னவள் என்று கூப்பிட்டது அவளைத்தான். ஆழ்வார்திருநகரியிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். அப்பா வாழை விவசாயி. இனிமேல் ஒரு பழம்கூடத் தின்னக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் வந்ததும் பாத்ரூமுக்குள் போவாள். முகத்தைக் கழுவிவிட்டு வருவாள். கண் சிவந்திருக்கும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், பேச மாட்டோம்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் பாத்ரூமிலிருந்து வெளியே வர நேரமாகிவிட்டது. டீச்சர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். போய்க் கதவைத் தட்டினார்.

"ஏட்டி, வெளிய வா. உள்ள உங்க அப்பாவுக்கு ரத்தம் சுத்தமாவுது. நீ இங்கன கண்ணீரக் கொட்டி எதச் சுத்தம் பண்ணுத? வா, டீ குடிச்சிட்டு வருவோம்." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் எந்திரி. உன்னப் பாத்தா சாமான் பாத்துக்க உக்கார வச்ச ஆளு மாதிரி இருக்கு" என்றார்.

ரோட்டுக்கு எதிரே டீக்கடை. மணி ஏழரை இருக்கும். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் ஆண்துணை இல்லாமல் ரோட்டில் நின்று நான் டீ குடித்ததில்லை. யாராவது பார்ப்பார்களோ என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. சின்னவள் ஒரு பருப்பு வடை தின்றாள். பிறகு இன்னொன்று தின்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். டீச்சர் மூன்றாவது வடையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீ குடிக்கப் போனவர்கள் அடுத்த மாதம் பரோட்டாக் கடைக்குப் போனோம். கொஞ்ச நாளில் எங்களுக்கென்று ஒரு கணக்கு ஏற்பட்டது. ஏழு மணிக்கு மூன்று பேருக்கும் மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் எங்களுடையது.

இரண்டு மணி நேரத்தில் முழுப் படம் பார்க்க முடியாது. ஆனாலும் பார்த்தோம். ஏழேகாலுக்குத் தியேட்டருக்குள் நுழைவோம். படம் ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருக்கும். கடைசிச் சண்டை வருமுன் எழுந்து வந்துவிடுவோம். முதலும் தெரியாது, முடிவும் தெரியாது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, நான் என் கணவரிடம் கதையைச் சொன்னேன். முடிவு என்ன என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. கதாநாயகன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டு ஊரிலேயே கடை வைத்துவிட்டான் என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சர் கணவர் தலையைத் தூக்கினார்.

"என்னம்மா சொல்லுத? அவன் செத்துப் போறாம்லா? இப்பத்தான எங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போனா!"

மூன்றாவது கட்டிலில் வாழைக்காரர் சிரித்துவிட்டார். "எம்மவ வேற மாதிரிச் சொன்னா. அவன் மிலிட்டரிக்குப் போயிட்டானாம்."

டீச்சரும் சின்னவளும் கதவருகில் நின்றார்கள். உள்ளே கையில் ஊசியோடு படுத்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நர்ஸ் வந்து, "கைய ஆட்டாதீங்க, கைய ஆட்டாதீங்க" என்று கத்தினாள். என் கணவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. அந்த வருஷம் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். சின்னவள் ராட்டினத்தில் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆட்டோ பிடித்துப் போனோம். முதலில் டெல்லி அப்பளம் வாங்கினோம். முறம் அளவு பெரிசு, மேலே மிளகாய்ப்பொடி தூவியிருந்தது. அப்பளக்காரிக்கு அப்பளமா என்று டீச்சர் கேலி செய்தார். ஆனால் என் வீட்டில் அப்பளம் பொரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒருத்தியாகவே பாதியைத் தின்றேன். பிறகு ராட்டினம் ஏறினோம். நாங்கள் உச்சியில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது.

கீழே எல்லாம் இருட்டு. தூரத்தில் ஆற்றுப்பாலத்தின் மேல் வண்டி விளக்குகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். இடையிடையே கண்ணைத் திறந்து மணி கேட்டார். நான் போனை எடுக்கக் கைப்பையைத் துழாவினேன். போன் இல்லை. ஹாலில் சாப்பாட்டுப் பையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். நர்ஸ் வாசலிலேயே நின்றாள். "எங்கம்மா போனீங்க? எத்தன தடவ கூப்பிடுதது?" என்றாள். என் கணவருக்குப் பிரஷர் திடீரென்று இறங்கி, வாந்தி எடுத்து, அரை மணி நேரம் மெஷினை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே ஓடினேன். முகம் வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஓர் இடத்தில் அவர் பார்வை நின்றது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உதட்டோரத்தில் மிளகாய்ப்பொடி அப்படியே ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் அவர் பேசவில்லை. சேரன்மகாதேவி தாண்டியும் பேசவில்லை. மறுநாளும் வேண்டியதற்கு மட்டும் பேசினார்.

அதற்குப் பிறகு நான் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். டீச்சர் கூப்பிட்டார், சின்னவள் கூப்பிட்டாள். தலை வலிக்கிறது என்றேன். மூன்று வாரம் அந்த இரும்பு நாற்காலியில் இருந்தேன். புருஷன் சாகக் கிடக்கும்போது ராட்டினம் ஏறினவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லவில்லை.

நாலாவது வாரம் கையில் ஊசி போட்டு முடித்ததும் அவர் நர்ஸிடம் சொல்லி என்னை உள்ளே வரச் சொன்னார்.

"ஏளா, இப்பல்லாம் ஏன் வெளிய போவ மாட்டேங்க?"

"மனசு இல்ல."

"அன்னைக்கு நான் கோவப்பட்டேன்னுதான?"

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"கோவந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா நீ போனதுக்கு இல்ல. ஒன் வாயில மொளகாப்பொடி இருந்திச்சு. அதப் பாத்ததும் எனக்கு நாக்குல எச்சி ஊறிட்டு. ஒரு அப்பளம் தின்ன முடியலயேன்னு அழுகையா வந்திச்சு. ஒன்கிட்ட என்னத்தச் சொல்ல? அதான் அங்கிட்டுத் திரும்பிட்டேன்."

அவர் கையில் ஊசி குத்தாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நீ இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கன்னு நெனைச்சா எனக்கு நேரம் போவ மாட்டேங்கு. பொறத்த போயி நாலு எடம் பாத்துட்டு வா. வந்து சொல்லு. போன மட்டும் எடுத்துட்டுப் போ."

அந்த வருஷம்தான் எனக்கு முதன்முதலாகப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கே மிட்டாய் வாங்குவதோடு சரி. நான் பிறந்த தேதி எனக்கே பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்துத்தான் தெரியும். காப்பீட்டுத் திட்டத்துக்கு மனு எழுதும்போது சின்னவள் என் ஆதார் நகலைப் பார்த்துத் தேதியை மனசில் வைத்துக்கொண்டாள். அன்று திங்கட்கிழமை. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் நோயாளிகள் கொஞ்சம் வாய்க்கு ருசியாகத் தின்னலாம். உடனே சுத்தமாகிவிடும் என்று நர்ஸே கண்டுகொள்ள மாட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன கேக்கை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நர்ஸே கத்தியும் கொடுத்தாள். நான் கூச்சத்தில் கேக்கைக் கோணலாக வெட்டினேன். என் கணவர் வாயில் ஒரு துண்டு வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றார்.

"போங்க, போங்க. ரெண்டு மணி நேரந்தான் இருக்கு" என்று அவர்தான் எங்களை விரட்டினார்.

அன்றைக்கு டீச்சர் எங்களை ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டுடியோக்காரர் கடையை அடைக்கப் போனவர், எங்களைப் பார்த்துவிட்டு ஷட்டரைத் திரும்பத் தூக்கினார். பாஸ்போர்ட் போட்டோவா என்று கேட்டார். "ஏன், எங்களப் பாத்தா மனு போட வந்த ஆளுவ மாதிரியா தெரியுது? முழுசா எடும்" என்றார் டீச்சர். பின்னால் நீலத் திரையில் அருவி வரைந்திருந்தது. மூன்று பேரும் தோளில் கை போட்டு நின்றோம். சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். நிறுத்தச் சொன்னார், நிறுத்த முடியவில்லை. அதன் பிறகு ஆற்றங்கரைக்குப் போய்ப் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு இருந்தோம். டீச்சர் கீர்த்தனை ஒன்று பாடினார். அவருக்கு அவ்வளவு நல்ல குரல் இருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. சின்னவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "யக்கா, இங்க வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா வரலன்னா ஒங்களத் தெரியாமப் போயிருக்கும். என்ன சொல்லுதன்னு எனக்கே தெரியல" என்றாள். எனக்குத் தெரிந்தது.

பிறகு கொரோனா வந்தது. வெளியே போவது நின்றது. முகத்தை மூடிக்கொண்டு நாற்காலிக்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில்தான் சின்னவளின் அப்பா இறந்தார். அவள் வருவது நின்றது. பிறகு கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் ஒரு விடியற்காலையில் என் கணவர் வீட்டிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டார். டீச்சர் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து இரண்டு நாள் என் கூட இருந்தார். இரண்டாவது நாள் திங்கட்கிழமை. மத்தியானம் கிளம்ப வேண்டியிருந்தது.

டீச்சர் சொன்ன வியாழக்கிழமை வந்தது. ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. அதைப் பார்த்ததும் என்னால் மேலே நடக்க முடியவில்லை. வெளியிலேயே நின்றேன். சின்னவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிறகு, "நானும் அப்பா போன பொறவு இன்னைக்குத்தான் வாரேன்க்கா. பைய போவோம்" என்றாள்.

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. அதோடு மல்லுக்கட்டியதில் ஹாலைக் கடந்ததே தெரியவில்லை.

டீச்சர் கணவர் மெலிந்திருந்தார். குரல் மட்டும் பழைய குரல். அவருக்குப் பக்கத்தில் என் கணவருடைய கட்டிலில் வேறு யாரோ போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"வாம்மா. அம்பது ஆயிட்டாமே? இப்பிடித் தள்ளி நின்னா எப்பிடி, கிட்ட வா" என்றார் சார். "ஒனக்கு ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். நீங்க மூணு பேரும் வெளிய போன பொறவு நாங்க உள்ள என்ன செய்வோம் தெரியுமா?"

"என்ன சார்?"

"பந்தயம் கட்டுவோம். இன்னைக்கு எங்க போயிருப்பாவன்னு. நான் சினிமாம்பேன். வாழைக்காரரு பரோட்டாம்பாரு. எங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான் ஜெயிப்போம். ஒம் வீட்டுக்காரரு ஒரு நாளு கூட ஜெயிச்சதில்ல."

"ஏன்?"

"அவரு சொல்லுத ஊரு அப்பிடி. குத்தாலம்பாரு. திருச்செந்தூரும்பாரு. ஒரு நாளு கன்னியாகுமரின்னாரு. வே, ரெண்டு மணி நேரத்துல கன்னியாகுமரி போயிட்டு எப்பிடி வே வர முடியும்னு கேட்டேன். நாங்குநேரி வழியா இப்பிடிப் போயி, இந்த எடத்துல டீ குடிச்சிட்டு, இவ்வளவு நேரத்துல கடலப் பாக்கலாம்னு ரோட்டையே வெவரமாச் சொல்லுதாரு. கண்ண மூடிட்டு. 'என்னாலதான் அவள எங்கயும் கூட்டிட்டுப் போவ முடியல, அவளாவது போயிட்டு வரட்டும் சார்'ன்னாரு. தோத்துட்டுச் சிரிச்சிக்கிடுவாரு."

நான் அழுதேன். மூன்று வருஷத்தில் அந்த அழுகை மட்டும் வேறு மாதிரி இருந்தது. சார் கையை நீட்டி என் தலையில் வைத்தார். குழந்தை என்னைப் பார்த்து அதுவும் உதட்டைப் பிதுக்கியது. எல்லாரும் பதறிப்போய் அதைச் சிரிக்கவைக்க ஆரம்பித்தோம். போர்வை போர்த்தியிருந்தவர்கூட முகத்தை வெளியே நீட்டி "ஊ" என்று காட்டினார். அறுபது வயது மனுஷர். கல்லூரியில் காவல்காரராக இருந்தவராம். கேக் வெட்டியதும் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

எங்கே போகலாம் என்று டீச்சர் கேட்டார். எனக்குப் பசித்தது. பரோட்டாக் கடைக்கே போனோம். சால்னாவில் குழந்தை கையை விட்டுவிட்டு வீல் என்று கத்தியது. சர்வர் ஓடிப்போய்ச் சீனி கொண்டுவந்து அதன் நாக்கில் வைத்தார். டீச்சருக்கு இப்போது முட்டிவலி, படியேற முடியவில்லை. சின்னவளுக்கு மாமியார் நாலு தடவை போன் செய்துவிட்டார். ஆனாலும் ஒன்பது மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது அடித்ததும் டீச்சர் தன்னால் எழுந்து கையைக் கழுவினார்.

எனக்கு பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடம். பேட்டை தாண்டும்போது கோயம்புத்தூரிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள்.

"எம்மா, பொறந்தநாள் அதுவுமா எத்தன தடவ போன் அடிச்சேன். இந்நேரத்துக்கு எங்க இருக்க?"

"பஸ்ஸுல. பிரண்ட்ஸோட வெளிய போயிட்டு வாரேன்."

"பிரண்ட்ஸா? ஒனக்கா? யாரும்மா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்தில் அவள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள். அப்பாவைப் பற்றி அவளிடம் ஆஸ்பத்திரி, மருந்து, எடை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையெல்லாம் சொன்னதே இல்லை. சிரிக்கிற விஷயத்தைப் போய் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கிறேன்.

"சார்ஜ் இருக்கா போன்ல?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா."

"அப்ப கேளு" என்றேன்.